கண்டி வீதி – 17: மண்ணெண்ணெயில் ஓடிய மருந்து

சென்ற அத்தியாயத்தை 1990 ஜூன் மாதத்தில் நிறுத்தியிருந்தோம். இரண்டாம் ஈழப்போர் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த படையினரைப் புலிகள் சுற்றி வளைத்திருந்தார்கள். கோட்டைக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் இடையில் கூப்பிடு தூரந்தான். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளில், இந்திய அமைதிப்படை உள்ளே நுழைந்து நோயாளரையும் மருத்துவரையும் தாதியரையும் சுட்டுக் கொன்ற அதே விறாந்தைகள் மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் மறுபடியும் வெறுமையாகின. நோயாளரும் மருத்துவர்களும் மானிப்பாய்க்கும் வேறு ஊர்களுக்கும் இடம்பெயர்ந்தார்கள். செப்டெம்பர் 26 ஆம் நாள் கோட்டை கைமாறியது. அந்த ஆண்டு முடிவதற்கு முன், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் பெரியாஸ்பத்திரி மீண்டும் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றியிருந்த நிலத்தைப் பாதுகாப்பு வலயமாக இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. மருந்து எப்படி வந்தது, வந்த மருந்து அங்கிருந்து எப்படிப் போனது என்பதுதான் இந்த அத்தியாயம்.

யாழ்ப்பாணத்து மருத்துவ வரலாற்றில் சில பெயர்கள் எப்போதும் வரும். 1850 இல் இந்த ஆஸ்பத்திரி தோன்றக் காரணமாக இருந்த அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன். கிறீனிடம் படித்தவர்கள் கிராமங்களில் போய்க் குடியிருந்து வைத்தியம் செய்தார்கள். அந்தக் காலத்தில் வைத்தியர் ஊருக்குப் போனார். பஸ்ஸும் ரயிலும் வந்தபின் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனார். 1990 க்குப் பிறகு இருவராலும் நினைத்த நேரத்தில் அசைய முடியவில்லை. எனவே மருந்து நகர வேண்டியதாயிற்று. அதைச் சுமந்தவர்களுக்குச் சம்பளப் பட்டியல் இல்லை, சீருடை இல்லை, வரவுப் பதிவேடும் இல்லை. எந்த நிறுவனத்தின் நூற்றாண்டு மலரிலும் அவர்களின் படம் இராது. இந்த வீதியின் வரலாற்றை எழுதத் தொடங்கியபோதே அவர்களுக்கென்று ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி வைத்திருந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடவேண்டும். நகரிலிருந்து கண்டி வீதியால் கிழக்கே கிளம்பினால் பழைய கச்சேரி, சுண்டிக்குளி, அதன்பின் அரியாலை. மாம்பழம் சந்தியைத் தாண்டி வீடுகள் குறைந்துகொண்டே போய், செம்மணியில் நிலம் திடீரென்று விரிந்துவிடும். இருபுறமும் உவர்வெளி, அப்பால் கடல்நீரேரி, பிறகு நாவற்குழிப் பாலம். அந்தப் பாலத்தைக் கடந்தால் தென்மராட்சி: கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம். அரியாலையின் தெற்குக் கரையில் நின்றால் நீரேரிக்கு அப்பால் பூநகரிப் பக்கம். ஆக, நகருக்கு வரும் மருந்துக்கு அரியாலை வாசல். நகரிலிருந்து தென்மராட்சிக்குப் போகும் மருந்துக்கும் அதுவே வாசல். கோப்பாய் – கைதடிப் பாதை என்று இன்னொன்று இருந்தது உண்மைதான். ஆனால் நேர்வழி இதுதான்.

அந்தச் செம்மணி வெளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓடும்போது ஒழுங்கை இருக்கிறது, மதில் இருக்கிறது, மரநிழல் இருக்கிறது. ஹெலி வரும் சத்தம் கேட்டால் படலையைத் தள்ளிக்கொண்டு யார் வளவுக்குள்ளும் புகுந்துவிடலாம். வெளியில் மோட்டார் சைக்கிளும் ஓட்டுபவரும் வானத்துக்கு அப்படியே தெரிவார்கள். அதைவிட, இயந்திரச் சத்தத்தில் ஹெலியின் சத்தம் கேட்காது. பின்னால் இருப்பவரின் வேலை மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொள்வதோடு முடியவில்லை. வானத்தையும் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

இனித் தடையைப் பற்றி. 1990 இல் அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் வட பகுதிக்குப் போகக்கூடாத பொருள்களாயின. பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் அதே பட்டியலில். தெற்கிலிருந்து வந்த மின்சாரமும் நின்றது. மருந்து முழுதாகத் தடுக்கப்படவில்லை. ஆனால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இன்றி எந்தப் பெட்டியும் வரமுடியாது. அறுவைச் சிகிச்சைப் பொருள்கள், காயத்துக்குக் கட்டும் துணி, நுண்ணுயிர்க்கொல்லிகள் போன்றவை போராளிகளுக்குப் போய்விடும் என்று சொல்லிக் குறைத்தார்கள், தாமதித்தார்கள். செஞ்சிலுவைக் குழுவின் கொடி பறந்த கப்பல்களே கடல்வழியாக மருந்தைக் கொண்டுவந்தன. கேட்டது ஒன்று, வந்தது அதில் ஒரு பகுதி. கையில் இருப்பது சிறிது என்றால் அதை ஓர் இடத்தில் குவித்து வைக்க முடியாது. சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் இல்லாதது மந்திகை ஆஸ்பத்திரியில் இருக்கும், மந்திகையில் முடிந்தது பெரியாஸ்பத்திரியில் நாலு குப்பி இருக்கும். அந்த நாலு குப்பி போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகவேண்டும், அதுவும் அன்றைக்கே.

தொலைபேசி கிடையாது. ஆஸ்பத்திரிகளில் இருந்த வாகனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுக்கான டீசலை நோயாளரை ஏற்றுவதற்கென்று சேமித்து வைத்தார்கள். இந்த நிலையில்தான் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த பொதுமக்கள் வருகிறார்கள். ஆசிரியர், சங்கக்கடை முகாமையாளர், மருந்துக்கடைக்காரர், சுகாதாரப் பரிசோதகர், பல்கலைக்கழக மாணவர். வீட்டு வாசலில் வந்து ஒருவர் கேட்பார்: "தம்பி, உன்ரை மோட்டச்சைக்கிள் ஓடுமோ? பெரியாஸ்பத்திரிக்கு ஒருக்காப் போட்டு வரவேணும்." இந்தக் கேள்வியில் "ஓடுமோ" என்பதுதான் முக்கியம். அப்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் இருப்பதும் அது ஓடுவதும் இரண்டு வேறு விடயங்கள்.

ஓடவைத்தது மண்ணெண்ணெய். அதுவும் தாராளமாகக் கிடைத்ததில்லை, ஆனாலும் கிடைத்தது. விளக்கெரிக்கும் எண்ணெயில் பெற்றோல் இயந்திரத்தை ஓட்டும் வித்தையைக் குடாநாடு முழுதும் கற்றுக்கொண்டது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் அப்படித்தான் ஓடின. பழைய கார்களையும் ஹொண்டா சி-50, சி-90, எம்டி-90 போன்ற சிறிய மோட்டார் சைக்கிள்களையும் அதற்கு நம்பிக்கையோடு பிடித்தார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றின் இயந்திரங்கள் எரிபொருளைப் புதிய இயந்திரங்கள் அளவுக்கு இறுக்கி அமுக்குவதில்லை. அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தைத் தட்டத் தொடங்கிவிடும்.

ஸ்ராட் பண்ணுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. முதலில் தாங்கியிலிருந்து வரும் மண்ணெண்ணெயை மூடுவார்கள். சட்டைப் பையிலோ இருக்கைக்கு அடியிலோ ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் இருக்கும். அதிலிருந்து சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துக் காபரேற்றருக்குள் விடுவார்கள். பிறகு உதை. பிடித்ததும் முறுக்கிப் பிடித்தபடி இயந்திரம் சூடேறும்வரை நிற்பார்கள். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும் என்பதே இதன் இரகசியம். சூடேறியதும் மண்ணெண்ணெயைத் திறப்பார்கள். இயந்திரம் ஒருமுறை இருமும். பின்னால் வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகை மணத்தோடுதான் அன்றைய கண்டி வீதி இருந்தது. போய்ச்சேர்ந்த இடத்தில் மருந்தை இறக்கிக் கொடுக்கும்போது வண்டியை நிறுத்தமாட்டார்கள், ஒருவர் முறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பார். இயந்திரம் ஆறிவிட்டால் திரும்பக் கிளப்ப மறுபடியும் பெற்றோல் வேண்டும், அது போத்தல் கணக்கில் கறுப்புச் சந்தையில் விற்ற பொருள்.

பிளக் விரைவில் கரிபிடிக்கும். செம்மணி வெளியில் அது நின்றுபோனால் என்ன ஆகும்? அதனால் மாற்றுப் பிளக் ஒன்று, அதைக் கழற்றும் சாவி, சுரண்ட அரத்தாள் ஒரு துண்டு இல்லாமல் யாரும் நெடுந்தூரம் புறப்படவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதை அடிக்கடி மாற்றவேண்டும், மாற்றுவதற்கு நல்ல எண்ணெய் இல்லை. பிஸ்ரன் வளையம் தேய்ந்தால் வாங்க இடமில்லை. இன்னொரு வண்டியை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஊருக்கு ஊர் இருந்த சின்ன மோட்டார் சைக்கிள் கராஜ்களில் எண்ணெய்க் கையோடு இருந்தவர்கள் இல்லாவிட்டால் இந்த அத்தியாயத்துக்கே இடமில்லை. மருந்தைச் சுமந்தவர்களையாவது ஒரு சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். வண்டியைத் திருத்திக் கொடுத்துவிட்டு, "ஆஸ்பத்திரி அலுவலோ, காசு வேண்டாம், போங்கோ" என்றவர்களை நினைப்பவர் யார்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போனால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். யாழ்ப்பாண நகரில் இரும்புக் கடையும் பழைய உதிரிப்பாக வியாபாரமும் லொறிப் போக்குவரத்தும் பெருமளவு முஸ்லிம் மக்களின் கையில் இருந்தன. 1990 அக்டோபர் 30 ஆம் நாள், சில மணி நேர அவகாசம் கொடுத்து, அந்த மக்களைப் புலிகள் குடாநாட்டை விட்டு வெளியேற்றினார்கள். தலைமுறைகளாகச் சேர்த்த பொருளையும் கடைகளையும் விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். அவர்கள் போனதோடு இந்த நகரத்தின் இயந்திர அறிவில் பெரும் பங்கும் போய்விட்டது. தடைக்காலம் முழுதும் ஒவ்வொரு ஆணிக்கும் நட்டுக்கும் நாம் அலைந்ததற்குக் கொழும்பை மட்டும் காரணம் சொல்ல எனக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

மண்ணெண்ணெய் வித்தை 2022 இல் மறுபடி பேச்சில் வந்தது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் அரசு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தபோது, தாதியரும் மருத்துவரும் எரிபொருள் நிலையங்களில் வரிசையில் நின்றார்கள், பலர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். இளையவர்கள் பெரியவர்களிடம் அந்தப் பழைய வழியைக் கேட்டார்கள். ஆனால் அந்தத் தடவை மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான்.

தடைக்காலத்துக்குத் திரும்புவோம். என்னென்ன மருந்துகள் போயின? எளிதில் போனவை மாத்திரைகள், களிம்புகள், சேலைன். சேலைன் பாரமானது, ஒரு மோட்டார் சைக்கிளில் அதிகம் ஏற்ற முடியாது. சிரமம் கொடுத்தவை குளிர் வேண்டிய மருந்துகள். இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்கு அது தெரியாது. மின்சாரம் இல்லாத வீடுகளில் ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பியை வைத்துக் காப்பாற்றினார்கள். ஆவியாகும் நீர் பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் திறந்த ஒரு குப்பியைச் சில வாரங்களுக்குப் பாவிக்க அது போதுமாயிருந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ள ஆஸ்பத்திரியிலிருந்து இந்தப் பானைவரை, நண்பகல் வெயிலில், அதைக் கொண்டுவருவதுதான் வேலை. உமி நிரப்பிய பெட்டி, நனைத்த சாக்கு, அதற்குள் குப்பி. காலை விடியுமுன் அல்லது பொழுதுபட்டபின் ஓட்டம்.

பாம்புக்கடி மருந்து வேறு விதம். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடி விரியன், எட்டடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. தூளாக வரும் குப்பிக்குக் குளிர் அவ்வளவு கட்டாயமில்லை. ஆனால் ஒரு கடிக்கு ஒரு குப்பி போதாது. பத்து, இருபது என்று ஏற்றவேண்டி வரும். தோட்டத்தில் இரவு தண்ணீர் கட்டப் போனவருக்குக் கடித்தால், கிட்டிய ஆஸ்பத்திரியில் நாலு குப்பி இருந்து என்ன பயன்? மிச்சத்தை எடுக்க ஒருவர் இருட்டில் ஓடவேண்டும். முன்விளக்கு போடக்கூடாது; மேலே இருந்து தெரிந்துவிடும். நிலவு நாள்களில் ஓட்டம் இலகு. ஆனால் நிலவு நாள்களில்தான் ஹெலியும் வரும்.

இரத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். செங்குழியங்களை 2 முதல் 6 பாகைக்குள் வைத்தால் ஐந்து, ஆறு வாரம் காப்பாற்றலாம். நாள் முழுதும் மின்சாரம் உள்ள நாட்டுக்கான கணக்கு அது. மின்பிறப்பாக்கியின் டீசலை அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கென்று மிச்சம்பிடித்த இடத்தில் இரத்தத்தைப் பெரிய அளவில் சேமித்து வைக்க முடியாது. ஆகவே இரத்தம் பெட்டியில் போகாமல் ஆளாகவே போயிற்று. இன்ன வகை தேவை என்ற செய்தி ஊருக்கு வரும். அந்த வகை உள்ளவரைக் கரியரில் ஏற்றிக்கொண்டு ஒருவர் சைக்கிளை மிதிப்பார், அல்லது மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். இரத்தம் கொடுத்தவர் தேநீர் குடித்துவிட்டு அதே வண்டியில் திரும்பி வருவார். இன்று இலங்கையின் இரத்த வங்கி முழுக்க முழுக்கத் தொண்டாகக் கொடுப்பவரை நம்பி இயங்குகிறது. 2014 முதல் அப்படி. அந்தப் பழக்கத்துக்கு வடக்கில் இப்படியும் ஒரு முன்வரலாறு உண்டு.

தடுப்பூசியும் இந்த வீதியால்தான் போனது. வாய்வழிப் போலியோ மருந்து வெப்பத்துக்கு மிக எளிதில் கெட்டுவிடும். மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டிகளில் அதை வைத்து, பனிக்கட்டிப் பொதிகள் நாலுபுறமும் வைத்த சின்னப் பெட்டியில் குடும்பநல உத்தியோகத்தர்கள் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் மருந்தைக் குளிராக்கியது, இன்னொரு போத்தல் அதைச் சுமந்த வண்டியை ஓட்டியது. 1995 இல் போலியோ மருந்து கொடுக்கும் நாள்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தி வைக்க யுனிசெப் ஏற்பாடு செய்தது. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் பதிவானார். நாட்டின் ஒரு பகுதி இருட்டிலும் முற்றுகையிலும் கிடந்த காலத்தில் கிடைத்த வெற்றி இது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தச் சின்னப் பெட்டியைத் தோளில் மாட்டிய பெண்களுக்கே அந்தப் பெருமையின் பெரும் பகுதி சேரும்.

அரியாலை என்று சொல்லிவிட்டு 2020 ஐத் தொடாமல் போக முடியாது. அந்த ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் அரியாலைத் தேவாலயம் ஒன்றில் நடந்த ஆராதனைதான் யாழ்ப்பாணத்தில் கொரோனாவின் தொடக்கம். ஆராதனையை நடத்தியவர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகர். ஒரு வாரத்தில் குடாநாட்டின் முதல் நோயாளி உறுதியானார். நாடெங்கும் ஊரடங்கு வந்தது, யாழ்ப்பாணம் அபாய வலயமாயிற்று. நீரிழிவு, இருதயம், இரத்த அழுத்தம் என்று மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும் முதியவர்கள் வீட்டுக்குள் அடைபட்டார்கள். ஆஸ்பத்திரிகள் அவர்களின் மருந்தைப் பொதி பண்ணின, தபால் திணைக்களம் அதை வீடுகளுக்கு எடுத்துச்சென்றது. ஊரடங்கு அனுமதிச் சீட்டோடு போன தபாற்காரர், குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், ஊர்த் தொண்டர் என்று பலர் வீதியில் இருந்தார்கள். பரிசோதனை மாதிரிகள் ஆரம்பத்தில் வெளி மாவட்டத்துக்குப் போய்வரவேண்டியிருந்தது. ஏப்ரலில் யாழ். மருத்துவ பீடத்திலேயே பிசிஆர் பரிசோதனை தொடங்கியபின்தான் அந்த ஓட்டம் குறைந்தது. முப்பது ஆண்டுக்குப் பிறகும் ஆளில்லாத அதே வீதியில் மருந்துப் பொதியோடு ஒரு மோட்டார் சைக்கிள்.

தடைக்காலத்தில் மருந்து குடாநாட்டுக்குள் வந்த வழிக்குத் திரும்புவோம். ஆனையிறவு மூடப்பட்டுவிட்டது. கப்பலில் வந்தது போதவில்லை. மருந்துக்கடைகளுக்கான சரக்கு வவுனியாவில் சோதனை தாண்டி வன்னிக்கு வந்து, முதலில் கொம்படி – ஊரியான் வழியாக வந்தது. நீரேரியின் ஆழமில்லாத பகுதி அது. முழங்கால் அளவு, சில இடத்தில் இடுப்பளவு நீரும் சேறும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த வழி. அதுவும் அடைபட்டபின் கிளாலி. இரவில் விளக்கில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய படகுகள் நீரேரியைக் கடந்தன. 1993 ஜனவரி 2 ஆம் நாள் இரவு கடற்படையினர் அந்தப் படகுகளைத் தாக்கினார்கள், பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் பயணம் நிற்கவில்லை. வேறு வழி இல்லை. விடிகாலையில் கிளாலிக் கரையில் இறங்கிய பொதிகள் கொடிகாமம் வந்து, கண்டி வீதியில் ஏறி, சாவகச்சேரி, நாவற்குழி, செம்மணி என்று வெயில் ஏறுமுன் அரியாலையைக் கடந்தன. கரியரில் கட்டிய பெட்டிகளோடு சைக்கிள் வரிசை. நடுவில் புகைவிட்டபடி ஒரு மோட்டார் சைக்கிள்.

உலகின் வேறு பக்கங்களிலும் இப்படி ஓடினார்கள். இங்கிலாந்தின் தெற்கில் 1960 களிலிருந்தே மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாக இரத்தம் கொண்டுபோனார்கள். இரவிலும் வார இறுதியிலும், வழக்கமான வண்டிகள் நிற்கும் நேரத்தில், இரத்தம், ஆய்வுகூட மாதிரி, தாய்ப்பால் எல்லாம் அவர்கள் கையால் போகும். ஊருக்கு ஊர் இருந்த அந்தக் குழுக்கள் 2008 இல் ஒரு தேசியக் கூட்டமைப்பாயின. இன்று இலண்டனிலும் சறேயிலும் இருக்கும் நம்மவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் மேலங்கியோடு இறங்கும் அந்தத் தொண்டர்களைக் கண்டிருப்பார்கள். 1988 இல் சோமாலியாவுக்குப் போன மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் றன்டி மமோலாவும் பரி கோல்மனும் கண்ட காட்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. சுகாதார ஊழியருக்கென்று கொடுக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்கள், கவனிப்பார் இல்லாமல், சில்லறை உதிரிப்பாகம் இல்லாமல், பழுதாகிக் குவிந்து கிடந்தன. அதிலிருந்துதான் ஆபிரிக்க நாடுகளில் சுகாதார வண்டிகளைப் பராமரிக்கும் றைடர்ஸ் போர் ஹெல்த் அமைப்பு பிறந்தது. அரியாலைக் கராஜ்காரருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மேற்கு வங்கத்தில் ஜல்பாய்குரிப் பக்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி கரிமுல் ஹக். 1995 இல் ஆம்புலன்ஸ் கிடைக்காமல் அவருடைய தாய் இறந்தார். பின்னர் தன் மோட்டார் சைக்கிளிலேயே நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். 2017 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. நைஜீரியாவில் 2016 இல் ரெமி கிவா-ருபோசன் தொடங்கிய லைப்பாங்க், லாகோஸ் நெரிசலுக்குள் மோட்டார் சைக்கிளில் இரத்தம் அனுப்புகிறது. நமக்கு 1990 என்ற எண்ணில் சுவசெரிய ஆம்புலன்ஸ் 2018 ஜூலையில்தான் வந்தது. போர் மறுபடி தொடங்கிய ஆண்டும் அந்தத் தொலைபேசி எண்ணும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் எங்கள் காதில் அந்த எண் ஒலிக்கும் விதம் வேறு.

இனி 1995. ஜூலை 9 ஆம் நாள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயப்பட்டவர்களைக் கிடைத்த வண்டியில் எல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அக்டோபர் 17 இல் படையினரின் ரிவிரெச நடவடிக்கை தொடங்கியது. படை நகரை நெருங்கியது. அக்டோபர் 30 மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டுமென்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். முஸ்லிம் மக்களை வெளியேற்றிய அதே நாள், ஐந்து ஆண்டு கழித்து.

மழை. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். அதில் பெரும் பங்கு அரியாலையால் வந்து செம்மணி வெளியில் இறங்கி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மணிக்கணக்கில் ஓரடி நகரமுடியாமல் நின்ற வீதி அது. முதியவர்களைச் சைக்கிளில் வைத்து உருட்டினார்கள். சேலைன் போத்தலை ஒருவர் உயர்த்திப் பிடிக்க, நோயாளியைக் கதிரையில் வைத்து இருவர் தூக்கிச் சென்றார்கள். குழந்தைகள் அந்த வீதியிலேயே பிறந்தன, முதியவர்கள் அந்த வீதியிலேயே இறந்தார்கள். ஆஸ்பத்திரியும் அந்த வெள்ளத்தில் ஒரு பகுதியாக நகர்ந்தது. நோயாளர், மருத்துவர், கருவிகள், எஞ்சியிருந்த மருந்து எல்லாம் மந்திகைக்கும் சாவகச்சேரிக்கும் போயின. காரோ லொறியோ அசையமுடியாத அந்த நெரிசலில், வீதியை விட்டு உவர்வெளிக்குள் இறங்கி ஏறி, தள்ளியும் ஓட்டியும், எதிர்த்திசையில் நகருக்குத் திரும்பி இன்னொரு நடை மருந்து எடுத்துவர மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும்தான் முடிந்தது. சனமெல்லாம் கிழக்கே போக, மேற்கே போன அந்த ஒரு சிலரை நினைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதினேன். அவர்களும் குடும்பத்தோடு வந்தவர்கள்தான். பிள்ளைகளைப் பாலத்துக்கு அப்பால் மரத்தடியில் இருத்திவிட்டுத் திரும்பினார்கள்.

அந்த மாரி முழுதும் மந்திகை ஆஸ்பத்திரியே குடாநாட்டின் பெரியாஸ்பத்திரியாக இருந்தது. பள்ளிக்கூடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தங்கியிருந்தவர்களிடையே வயிற்றோட்டமும் காய்ச்சலும். ஓட்டங்கள் இப்போது சாவகச்சேரிக்கும் மந்திகைக்கும் இடையில். டிசெம்பர் தொடக்கத்தில் யாழ்ப்பாண நகரம் படையினரின் கையில். 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் அடுத்த மாதம் வடமராட்சியும் அவர்களிடம் போக, சனம் வந்த வழியாலேயே, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, கூரையில்லாத வீடுகளுக்குத் திரும்பியது. ஆஸ்பத்திரியும் நகருக்குத் திரும்பியது. பெற்றோல் கப்பலில் வரத் தொடங்கியது. மண்ணெண்ணெய் மறுபடி விளக்குக்குப் போயிற்று.

ஆனால் மருந்து எடுக்கப் போகிறவருக்கு இப்போது வேறொரு தடை. செம்மணியில் சோதனைச் சாவடி. அதற்கு முன்னால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அடையாள அட்டை, பொதி, இருக்கைக்கு அடி எல்லாம் பார்ப்பார்கள். பொழுதுபட்டபின் ஊரடங்கு. பாம்பு கடித்தாலும் விடியும்வரை யாரும் அந்தச் சாவடியைக் கடக்கத் துணியவில்லை. 1996 செப்டெம்பர் 7 ஆம் நாள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த கிருஷாந்தி குமாரசுவாமி என்ற மாணவியை அங்கே மறித்தார்கள். அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அடுத்த அத்தியாயம் அந்தச் சாவடியிலிருந்து.

(தொடரும்)